சதுரத் தீவு

விருமாண்டி மரப்படிகளில் ஏறி வந்தபோது மேஜை மேலிருந்த மைக்கூடு லேசாக ஆடியது. டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். வாசலில் 'உக்கிரபாண்டி, தனியார் விசாரணை' என்று ஒரு தகரப் பலகை. வசுந்தரா தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்த நாவலை அவசரமாக இழுப்பறைக்குள் தள்ளினாள். மொழிபெயர்ப்பு நாவல். பனிக்கடலில் ஒரு கப்பல் சிக்கிக்கொண்டிருந்தது; மாலுமிகள் தங்கள் தோல் பெல்ட்டுகளை வேகவைத்துத் தின்னலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அந்த நிலையில் விட்டுவிட்டு எழுந்து நிற்பது அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தூணைப் போன்ற உடம்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் கறை நகங்களுக்கடியில் இருந்தது.

"கப்பலூர்ல லேத்துப் பட்டறை வச்சிருக்கேங்க. வீடு செல்லூரு. பேரு விருமாண்டி."

"உக்காருங்க. என்ன விஷயம்?" என்றார் மேஜைக்குப் பின்னாலிருந்த உக்கிரபாண்டி.

"எம் பொண்டாட்டி படகுல ஏற மாட்டேங்குறா."

உக்கிரபாண்டி கையிலிருந்த காகிதச் சுருளிலிருந்து ஒரு வறுத்த கடலையை எடுத்துத் தோலை ஊதினார். பெயரில்தான் உக்கிரம். போலீஸில் இருந்தபோது ஒருமுறைகூடக் குரலை உயர்த்தாததால் ஸ்டேஷனில் அவருக்குச் சாந்தபாண்டி என்று பெயர்.

"அதுக்கு நான் எதுக்குங்க? மாமனார் போதுமே."

"மாமனார் போய்ச் சேந்துட்டாரு. நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றார் விருமாண்டி, சிரிக்காமல்.

பிறகு சொல்லத் தொடங்கினார். அவர் மனைவி அன்னக்கொடி கடலைப் பார்த்ததே இல்லை. காட்டுகிறேன் என்று கல்யாணத்தன்று சொன்னவர், பட்டறை வேலையில் வருஷா வருஷம் தள்ளிப்போட்டுவிட்டார். இப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். பார்வை தெளிந்தாலும் தெளியும், இருப்பதும் போனாலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்கு முன்னாடி பார்த்துரணும்னு சொன்னா. சும்மா கரையில நின்னு பாக்குறதில்லைங்க. படகுல போகணும், தீவுல எறங்கணும். மண்டபத்துல செபமாலைன்னு ஒரு படகுக்காரரு. ஞாயித்துக்கிழமை அவரு மீனுக்குப் போக மாட்டாரு. பூசை முடிஞ்சதும் லாஞ்சு பூராம் எங்களுக்கே எங்களுக்குன்னு பேசியாச்சு. குருசடைத் தீவுக்குப் போயி, சமைச்சுச் சாப்ட்டு, பொழுது சாயத் திரும்புறது."

வசுந்தராவின் விரல்கள் தட்டச்சுப் பலகை மேல் அப்படியே நின்றுவிட்டன. தனிப் படகு, தனித் தீவு! இந்த மாதிரி விஷயங்கள் வெள்ளைக்காரப் பெயர்களுக்கு மட்டுமே நடக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். செல்லூர் லேத்துப் பட்டறைக்காரருக்கும் நடக்குமா?

"நேத்து பொழுது அடையுற நேரம். நான் பட்டறையில, ஆளுகளோட இருக்கேன். வீட்டு வாசல்ல ஒருத்தன் வந்து, 'மண்டபத்துலேருந்து வாரேன், செபமாலை அண்ணன் அனுப்புனாரு, படகு உடைஞ்சு போச்சு, வராதீங்க'ன்னு எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டுப் போயிட்டான். காலையில டிரங்க் கால் போட்டேன். செபமாலையே பேசுனாரு. 'நான் யாரையும் அனுப்பல, படகு நல்லாத்தான் நிக்குது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உறுதி சொல்லுங்க, இல்லேன்னா வேற பார்ட்டிக்குக் குடுத்துருவேன்'னாரு."

"அப்ப போக வேண்டியதுதானே?"

"அவ வரமாட்டேங்குறாளே! 'நான் கடலைப் பாக்குறது யாருக்கோ பொறுக்கல. அது யாருன்னு தெரியாம நான் படகுல கால வைக்க மாட்டேன்'னு உக்காந்துட்டா. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் படகு இருக்கும். கண்ணு இருக்குமான்னு எவன் கண்டான்?"

உக்கிரபாண்டி காகிதச் சுருளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "செபமாலைங்கற பேரு யாருக்கெல்லாம் தெரியும்?"

"கண்ணு படும்னு வெளிய மூச்சு விடல. கூட வர்ற மூணு பேருக்குத்தான் தெரியும். அன்னக்கொடியோட சித்தப்பா முத்திருளன். அவ தம்பி மலையாண்டி. என் சேக்காளி சௌந்தரராஜன், நூல் வியாபாரம்."

*

செல்லூர்ச் சந்துகளில் தறிச் சத்தம் சுவருக்குச் சுவர் தாவி வந்துகொண்டிருந்தது. விருமாண்டியின் வீட்டு வாசலில் வசுந்தரா முதல் படியில் கால் வைத்ததும் கல் ஒருபுறம் சாய்ந்து 'டொக்' என்றது. விழப்போனவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"புது ஆளு," என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல். "வாங்க, அது ஆடுற கல்லு. வீட்டு ஆளுக தாண்டி வந்துருவாங்க."

அன்னக்கொடி முற்றத்துத் தூணில் சாய்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முகம் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தாலும் பார்வை கொஞ்சம் தள்ளி எங்கோ நின்றது. விரல்கள் மட்டும் ஒரு பல்லைக்கூடத் தவறவிடவில்லை.

"வந்தவன் எப்படியிருந்தான்மா?" என்றார் உக்கிரபாண்டி.

"ஆள் உருவம் தெரிஞ்சுச்சு. மொகம் தெரியல. வாயில துண்டப் போட்டு மூடியிருந்தான். கமறலாப் பேசுனான், தொண்ட கட்டுனவன் மாதிரி. கருவாட்டு வாடை. இதக் குடுத்துட்டுப் போனான்."

ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே நெத்திலிக் கருவாடு. பொட்டலத்தைச் சுற்றிக் காய்ந்த வாழைநார், ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிய முடிச்சுகள். ஓரிடத்தில் நார் ஒடிந்து மறுபடி ஒட்டுப் போடப்பட்டிருந்தது. உக்கிரபாண்டி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்கம்மா."

"'ராத்திரி படகப் படித்துறையில கட்டிப் போட்டிருந்தோம் தாயி. காத்துல கல்படியில மோதி அடிப்பலகை விட்டுப்போச்சு. சரியாக மாசமாகும். வராதீங்க.' அம்புட்டுத்தான்."

"வந்தப்ப வாசக்கல்லு சத்தம் போட்டுச்சா?"

பூண்டு உரித்த விரல்கள் நின்றன. "இல்ல," என்றாள் அவள் மெதுவாக. "போடல."

வசுந்தரா வாசல்கல்லைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியென்றால் வந்தவன் இந்த வீட்டு மனிதன்! அதை அன்னக்கொடியும் அதே கணத்தில் புரிந்துகொண்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பூண்டுத் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

முற்றத்துச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பெரிதாக ஒரு படம் வரையப்பட்டிருந்தது. நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றி வலப்பக்கமாக ஓடும் அம்புக்குறிகள். ஓரத்தில் ஒரு படகு. அதற்குள் யார் யார் எங்கே உட்காருவது என்று வட்டங்கள். பெரிய வட்டத்தில் 'அன்னம்' என்று எழுதியிருந்தது.

"நம்ம திட்டம்!" என்று வாசலிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. வெள்ளை மீசையை முறுக்கிவிட்ட பெரியவர் ஒருவர், ஆடுகிற கல்லை அலட்சியமாகத் தாண்டி உள்ளே வந்தார். "நான் முத்திருளன். கப்பல் முத்திருளன்னு சொன்னாத்தான் செல்லூர்ல தெரியும். பத்து வருஷம் கப்பல்ல இருந்தவன். படகுல எங்க உக்காரணும், எப்ப எந்திரிக்கணும், வாந்தி வந்தா எந்தப் பக்கம் எடுக்கணும், எல்லாம் நம்ம பொறுப்பு."

"சின்னப் புள்ளையிலேருந்து சித்தப்பா கதையக் கேட்டுத்தான் எனக்கு இந்தக் கடல் ஆசையே," என்றாள் அன்னக்கொடி. முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது. "அந்த ரங்கூன் கதையச் சொல்லு சித்தப்பா, இவுகளும் கேக்கட்டும்."

முத்திருளனுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ரங்கூன்ல கப்பலக் கட்டிட்டோம். ராத்திரிக் காவல் என் முறை. கடைசிப் படியில உக்காந்து காலத் தண்ணிக்குள்ள விட்டேன். கணுக்கால் வரைக்கும் தண்ணி. நிலா வெளிச்சம். ஒரு குட்டி மீனு வந்து சுண்டுவிரலக் கடிச்சிச்சு. விரட்டுனேன், போகல. விடிய விடியக் கடிச்சுக்கிட்டே இருக்கு! விடிஞ்சப்பவும் கணுக்கால் வரைக்கும் அதே தண்ணி, அதே மீனு. பேரு வைக்காத குறைதான்."

வசுந்தரா தன்னை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நிலா, அந்தப் படி, அந்த மீன் எல்லாமே அவள் கண்முன் இருந்தன. உக்கிரபாண்டி படத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீவு சதுரமா இருக்குங்களே?"

"வரைபடத்துல அப்படித்தான் போடுவோம் தம்பி. கடல்காரங்க கணக்கு அது."

"சரிங்க. ஒரு வெத்தல கிடைக்குமா?"

"நம்ம மலையாண்டி வாராவாரம் சோழவந்தான்லேருந்து இந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் கட்டுக் கட்டாக் கொண்டாந்து குடுப்பானே!" முத்திருளன் மடியிலிருந்து எடுத்து நீட்டினார். "கொடிக்கால் வச்சிருக்கான். நல்ல பய. ஆனா இந்தப் பயணத்துக்கு மட்டும் மொத ஆளா முட்டுக்கட்டை போட்டான். 'கண்ணு இப்படி இருக்கப்ப அக்காவக் கடல்ல கொண்டுபோய்க் கொல்லப் பாக்குறீங்களா'ன்னு மாப்ளையோட மல்லுக்கு நின்னான்."

அன்னக்கொடியின் முகம் மறுபடி மங்கியது.

*

திரும்பும்போது வைகைப் பாலத்தில் நடந்தார்கள். கீழே ஆறு முழுக்க மணல். அதில் துணிகள் காய்ந்தன, எருமைகள் நின்றன, தண்ணீர் மட்டும் இல்லை.

"தெரிஞ்சுபோச்சு சார்!" என்றாள் வசுந்தரா. "வாழைநார்! வெத்தலைக் கட்டு கட்டுறவங்கதான் எதையும் வாழைநாரால கட்டுவாங்க. கல்லு சத்தம் போடல, அப்ப வீட்டாளு. அக்கா மேல உள்ள பயத்துல தம்பிதான் வேஷம் போட்டு வந்திருக்கான்."

உக்கிரபாண்டி ஒரு கடலையை அவளிடம் கொடுத்தார். "இருக்கலாம். அது இருக்கட்டும், உன் நாவல்ல கப்பலெல்லாம் எப்பக் கிளம்பும்?"

இந்தக் கேள்விக்கு அவள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருந்திருப்பாள். "நெனச்ச நேரத்துல கிளம்ப முடியாது சார். கடல் ஏறணும். ஏறி இறங்கிக்கிட்டே இருக்குமாம் அது, தூங்குற ஆளோட நெஞ்சு மாதிரி. ஒரு கதையில ஒரு பொண்ணு பாறை மேல காதலனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறா. வர்றப்ப பாதத்துல இருந்த தண்ணி, கொஞ்ச நேரத்துல இடுப்புக்கு வந்துருது. அவன் வரவே இல்ல."

"தண்ணி வந்துருச்சு."

"ஆமா சார்," என்றாள் அவள் சோகமாக. உக்கிரபாண்டி ஏன் கேட்டார் என்று யோசிக்க அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை விளக்குத்தூண் பக்கம் சௌந்தரராஜனின் நூல் கடைக்குப் போனார்கள். வசுந்தராவைப் பார்த்ததும் அவர் சௌராஷ்டிர மொழியில் வரவேற்று, அவள் அப்பா பெயர், தெரு, தாத்தாவின் தறி இருந்த இடம்வரை விசாரித்து முடித்த பிறகுதான் உக்கிரபாண்டிக்கு நாற்காலி போட்டார். ஆனால் பயணப் பேச்சு எடுத்ததும் மனிதர் நெளிந்தார்.

"நீங்க தேதியைத் தள்ளிப்போடச் சொன்னீங்களாமே?"

"ஈரோட்டுலேருந்து சரக்கு வருது. சொன்னேன். சரிவரல, விட்டுட்டேன்."

"செபமாலையப் பார்த்துப் பேசி முடிச்சது நீங்கதானே? படகைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன்." அவர் நூல் கட்டை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார். உக்கிரபாண்டியின் பார்வை கீழே போயிற்று. சௌந்தரராஜன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். புத்தம்புதுத் தோல் செருப்பு.

"செருப்பு புதுசோ?"

"செருப்பு வாங்குறது குத்தமாய்யா?" என்று அவர் கோபமாகக் கேட்டார்.

வெளியே வந்ததும் வசுந்தரா கட்சி மாறிவிட்டாள். "இவர்தான் சார்! எதையோ மறைக்கிறார்."

"மறைக்கிறாரு. ஆனா எதைங்கறதுதான் கேள்வி," என்றார் உக்கிரபாண்டி. "சாயங்காலம் எல்லாரையும் செல்லூருக்கு வரச் சொல்லுவோம்."

*

வெயில் இறங்கும் நேரத்தில் எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். நடுவே சாக்கட்டித் தீவு. அன்னக்கொடி தூணருகில், பக்கத்தில் விருமாண்டி, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். தெருமுனைக் கடையில் போன் இருந்தது. இருட்டுவதற்குள் மண்டபத்துக்குச் சொல்லியாக வேண்டும். சோழவந்தானிலிருந்து வந்த மலையாண்டி வெற்றிலைக் கட்டை இறக்கிவைத்துவிட்டு முறைப்போடு நின்றான்.

"எம் மேல சந்தேகம்னா நேராச் சொல்லுங்க. மறைச்சு வந்து சொல்ல எனக்கென்ன பயம்? மச்சான் மொகத்துக்கு நேராவே சொன்னவன் நான்."

"கோவப்படாதீங்க. ஒரு சின்ன உதவி." உக்கிரபாண்டி கருவாட்டுப் பொட்டலத்தையும் காய்ந்த வாழைநார் ஒன்றையும் அவனிடம் கொடுத்தார். "இதைக் கட்டிக் குடுங்க."

மலையாண்டி நாரைக் கையில் வாங்கியதும் யோசிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த செம்புத் தண்ணீரில் அதை முக்கினான். விரல்களால் ஒருமுறை நீவினான். பொட்டலத்தைச் சுற்றி ஒரு முறுக்கு முறுக்கி, நுனியை உள்ளே செருகிவிட்டான். முடிச்சே இல்லை.

"நாரு காஞ்சு கெடக்கப்ப கட்டுனா ஒடிஞ்சு போயிருமே," என்றான், எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று புரியாமல்.

"முந்தாநாள் வந்த ஆள் காஞ்ச நாராலயே கட்டியிருக்கான். அது ஒடிஞ்சிருக்கு. மேல மேல முடிச்சுப் போட்டிருக்கான். வாழைநார் வீட்டுல கிடக்கும், ஆனா அதைக் கட்டிப் பழக்கமில்லாத கை. இவரு இல்ல."

அன்னக்கொடி கண்களை மூடித் திறந்தாள். "தம்பி," என்றாள். அவ்வளவுதான். மலையாண்டி போய் அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டான்.

"அடுத்து, நூல்கார அண்ணன். மண்டபத்துல உங்க பழைய செருப்பு என்னாச்சுங்க?"

சௌந்தரராஜன் சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. "சொல்லித் தொலைக்கிறேன். படகு கரைக்கே வரல. தள்ளி, ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்குது. அங்க கரையெல்லாம் மணலும் சேறுந்தான், முழங்கால் தண்ணியில நடந்து, அப்புறம் சின்ன வள்ளத்துல ஏறிப் போகணுமாம். நான் வேட்டியத் தூக்கிக்கிட்டு எறங்குனேன். சறுக்கி, முழுசா முங்கி எந்திரிச்சேன். ஒரு செருப்பு போயிருச்சு. கரையில நின்ன பொம்பளைக எல்லாம் சிரிச்சாங்க. இதைப் போயி நான் விருமாண்டிகிட்டச் சொன்னா, சாகுற வரைக்கும் விடுவானா?"

"விடமாட்டேன்," என்றார் விருமாண்டி, அந்த நேரத்திலும்.

"கவனிச்சீங்களா?" உக்கிரபாண்டியின் குரல் அதே தணிவில் இருந்தது. "படகு கரைக்கு வர்றதே இல்ல. அங்க கல்படியும் இல்ல. ஆனா வந்தவன், படித்துறையில கட்டியிருந்த படகு படியில மோதுச்சுன்னு சொன்னான். செபமாலையோட ஆளா இருந்தா அப்படிச் சொல்ல மாட்டான். அந்தத் தண்ணியில முங்கி எந்திரிச்ச நூல்கார அண்ணனும் அப்படிச் சொல்ல மாட்டாரு. சொன்னவன் அந்தக் கரையப் பார்த்ததே இல்ல. எந்தக் கடல் கரையையுமே பார்த்ததில்ல. படகுன்னா படியில கட்டுறதுன்னு நெனைக்கிற ஆளு."

வசுந்தராவின் பார்வை தானாகத் தரையிலிருந்த படத்தின்மேல் விழுந்தது. நடுவே சதுரம். அதை வலமாகச் சுற்றும் படகு. இதை எங்கே பார்த்திருக்கிறோம்? எந்த நாவலிலும் இல்லை. அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து, கூட்டத்துக்கு மேலாக, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தது.

"தெப்பக்குளம்!" என்று சொல்லிவிட்டாள். "சார், இது தீவு இல்ல. நடுமண்டபம். தெப்பம் அதைச் சுத்தி வருது..."

சொல்லும்போதே மற்றதும் வந்து சேர்ந்துகொண்டது. கடைசிப் படி. கணுக்கால் வரைக்கும் தண்ணீர். விடிந்தபோதும் அதே கணுக்கால். பாறைமேல் நின்ற அந்தப் பெண்ணுக்கு இடுப்புவரை ஏறிய தண்ணீர், ரங்கூனில் மட்டும் ராத்திரி முழுக்க ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. குளத்துத் தண்ணீர்தான் அப்படி நிற்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

உக்கிரபாண்டி அன்னக்கொடியின் பக்கம் திரும்பினார். "கெட்ட எண்ணத்துல செஞ்சதில்லம்மா. பேரு சொல்லணுமா?"

"வேணாம் தம்பி," என்றார் முத்திருளன். மீசை முறுக்கு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த முகம்தான் சிறுத்துவிட்டது. "துண்டப் போட்டுக்கிட்டு வந்தது நாந்தான் ஆத்தா."

விருமாண்டி எழுந்தே விட்டார். "மாமா! நீங்களா? ஏன்?"

"என்னையக் கேப்டனாக்கிட்டீங்களே மாப்ள! படகுல ஏறுனதும் அந்த செபமாலை என்னைய ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். கடலப் பத்தி ஒரே ஒரு கேள்வி. எனக்கு என்ன தெரியும்? நான் எந்தக் கப்பல்லயும் ஏறுனதில்ல. மானாமதுரை ஜங்ஷன் காப்பிக் கடையில பத்து வருஷம் டம்ளர் கழுவுனேன். கப்பல் ஆளுகள ஏத்திவர்ற போட் மெயில் வண்டி வந்து நிக்கும். கொழும்புலேருந்து வாரவன், ரங்கூன்லேருந்து வாரவன், எல்லாரும் எறங்கிக் காப்பி குடிப்பான். கதை சொல்லுவான். வண்டி கிளம்பிரும், பாதிக் கதையோட போயிருவான். மீதிய நானாப் போட்டுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச தண்ணி தெப்பக்குளந்தான்."

"கெளம்புறப்ப உடம்பு சரியில்லன்னு படுத்திருக்கலாம்ல?" என்றான் மலையாண்டி.

"நான் வராட்டி இவ போக மாட்டேன்னு சொல்லிட்டாளேடா. படகே இல்லேன்னா யார் மேலயும் வருத்தம் இருக்காதுன்னு நெனச்சேன்."

அன்னக்கொடி தூணிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அப்பால் தறி ஒன்று ஓடி நின்றது.

"ரெண்டு ராத்திரி, எனக்கு ஆகாதவுக யாருன்னு ஒவ்வொரு மொகமா நெனச்சுப் பார்த்தேன் சித்தப்பா," என்றாள். "என் தம்பியக்கூட நெனச்சேன். அது உன்னாலதான்."

முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த மீனு?" என்றாள் அவள் திடீரென்று.

"எந்த மீனு?"

"விரலக் கடிச்ச மீனு."

"அது மட்டும் நெசம் ஆத்தா. தெப்பக்குளத்து மீனு. விடிய விடியக் கடிச்சிச்சு."

அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்தாள். "ஏங்க, போய் போனப் போடுங்க. இருட்டிருச்சுன்னா அந்தாளு வேற பார்ட்டிக்குக் குடுத்துரப் போறாரு." விருமாண்டி ஆடுகிற கல்லைத் தாண்ட மறந்து, 'டொக்' என்ற சத்தத்தோடு தெருவில் குதித்து ஓடினார். அவள் சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீ வரணும். என் பக்கத்துல உக்காரணும். எனக்குத் தெரியாததையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொல்லணும். இட்டுக்கட்டிச் சொன்னே, தண்ணியில தள்ளிருவேன்."

*

படகில் இரண்டு இடம் மிச்சமிருந்தது. விருமாண்டி ஒரேயடியாக வற்புறுத்தியதில் உக்கிரபாண்டியும் வசுந்தராவும் வந்திருந்தார்கள். மண்டபத்தில் இறங்கித் தென்னைகளுக்கு நடுவே மணலில் நடந்தபோது அவள் பையில் அந்தப் பனிக்கடல் நாவல் இருந்தது. மாலுமிகள் இன்னும் பெல்ட்டைத் தின்னவில்லை. கடல் எதிரே வந்ததும் அவள் அவர்களை மறந்துபோனாள். புத்தகங்களில் யாரும் இந்த வாசனையைப் பற்றிச் சொல்லவில்லை. இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்றும் சொல்லவில்லை.

தூரத்தில் லாஞ்சு ஆடிக்கொண்டு நின்றது. செபமாலையின் வள்ளம் அவர்களை ஏற்றிக்கொள்ள வந்துகொண்டிருந்தது. சௌந்தரராஜன் இந்தமுறை செருப்புகளைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

அன்னக்கொடி முத்திருளனின் தோளைப் பிடித்துக்கொண்டு நீர் விளிம்பில் நின்றாள். அலை வந்து அவள் பாதத்தை நனைத்துப் போயிற்று. மறுபடி வந்தது, இந்தமுறை கணுக்கால்வரை. அவள் சேலையைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

"எனக்கு நீலமா, வெள்ளையா, பெருசா என்னமோ தெரியுது சித்தப்பா. எங்க முடியுதுன்னு தெரியல. அந்தப் பக்கம் என்ன இருக்கு, சொல்லு."

முப்பது வருஷமாகக் கடலைப் பற்றியே பேசிவந்த மனிதர் நிமிர்ந்து நின்றார். அலை போயிற்று, வந்தது. அவர் கண் எட்டிய தூரம்வரை பார்த்தார், வலக்கோடியிலிருந்து இடக்கோடிவரை. எதையோ தேடுகிறவரைப் போல மறுபடியும் பார்த்தார்.

"சொல்லு சித்தப்பா."

"படியே இல்ல ஆத்தா," என்றார் அவர். "எந்தப் பக்கமும் படியே இல்ல."